பர்லியாருக்குப் போன கடுவன்

நான் டாக்டர் இல்லை. சேரங்கோட்டுப் பக்கத்தில் அந்த அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க இதை நான் யாரிடமும் சொன்னதில்லை என்பதால் இப்போது முதல் வேலையாகச் சொல்லிவிடுகிறேன். டிஸ்பென்சரியில் கம்பவுண்டர், அவ்வளவுதான். காய்ச்சலுக்கு மாத்திரை, வயிற்று வலிக்கு ரோஸ் நிற மிக்சர், காயத்துக்கு டிஞ்சர், வாய்ப்புண்ணுக்கு நீல மருந்து. இதற்கெல்லாம் அடங்காத நோய் எதுவாக இருந்தாலும் கூடலூர் ஆஸ்பத்திரிக்கு ஜீப். ஆனால் லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் எல்லோரும் என்னைப் போலவே சிலோனிலிருந்து கப்பலில் வந்தவர்கள். சிலோன் தோட்டங்களில் டிஸ்பென்சரியில் வெள்ளைச் சட்டையோடு நின்றவர் யாரானாலும் அவர் ‘டொக்டரய்யா’தான். அந்தப் பட்டத்தைப் பெட்டி படுக்கையோடு கட்டிக்கொண்டு வந்து எனக்குச் சூட்டினார்கள். நானும் சட்டையை இன்னும் கொஞ்சம் வெள்ளையாகத் துவைத்துப் போட ஆரம்பித்தேன்.

என் மனைவிக்குப் பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம். வாசலில் அரசாங்கம் வேறு ஏதோ பெயர் எழுதி வைத்திருந்தது. நாங்கள் அக்கரையில் சொன்னபடியே இங்கேயும் பிள்ளைக்காம்பரா என்றோம். ஒரு மழை நாளில், காய்ச்சல் என்று வராத ஒரு குழந்தையின் சேலைத் தொட்டிலில் மஞ்சள் நிறப் பூனைக்குட்டி ஒன்று சுருண்டு கிடந்தது. யாருடையது என்று விசாரித்துப் பார்த்தாள். ஒருவரும் சொந்தம் கொண்டாடவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. சாயங்காலம் அது அவள் முந்தானைக்குள் இருந்தபடி எங்கள் வீட்டுக்கு வந்தது.

எனக்குப் பூனை பிடிக்காது என்று கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்தேன். அது வளர்ந்து பெரிய கடுவனாகி, தலை தேங்காய் மாதிரி பருத்து, கூரைக்குக் கூரை போய்ச் சண்டை போட ஆரம்பித்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. அவள் கையில் அது குழந்தை. என் வாயில் அது சண்டியர். “டொக்டரய்யா, நேத்து ஒங்க கடுவன் எங்க பூனையக் கடிச்சுக் குதறிருச்சி” என்று யாராவது புகார் சொல்ல வந்தால், பையன் வகுப்பில் முதலாவதாக வந்த சேதியைக் கேட்கும் தகப்பன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, “அப்படியா, கண்டிக்கிறேன்” என்பேன். ஒரு நாளும் கண்டித்ததில்லை. நான் என் வாழ்க்கையில் யாரையும் கைநீட்டி அடித்தவன் அல்ல. பதில் பேசவே பயம். என் பங்குக்கும் சேர்த்து அது அடித்துக்கொண்டிருந்ததாக எனக்கு ஒரு திருப்தி.

அந்தச் சண்டியருக்குத்தான் ஒரு மழைக்காலத்தில் சீக்கு வந்தது. கழுத்தில் பட்ட கடி சீழ் வைத்து, ஆறி, மறுபடி சீழ் வைத்தது. மூக்கு ஒழுகியது. ஈறு சிவந்து, வாயெல்லாம் புண். கருவாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, தின்ன முடியாமல் எங்களைத் திரும்பிப் பார்க்கும். என் மனைவி மீனைச் சோற்றோடு மசித்து விரலால் ஊட்டினாள். நான் வாய்ப்புண்ணுக்கு என்று நீல மருந்தைப் பூசினேன். அது மூஞ்சியை நக்கிக்கொண்டதில் மீசை, முன்னங்கால், எங்கள் போர்வை, என் வெள்ளைச் சட்டை எல்லாம் நீலம். புண் மட்டும் அப்படியே சிவப்பாக இருந்தது.

இது ஏதோ ஒட்டுநோய் என்று எனக்கு அப்போதே மனதில் தட்டியது. ஒட்டுநோய் விஷயத்தில் என்னுடைய படிப்பெல்லாம் மண்டபம் கேம்ப்தான். கப்பலை விட்டு இறங்கியவர்களை அங்கே வைத்துத்தான் பிரித்து அனுப்புவார்கள். அங்கே நான் கற்றுக்கொண்டது என்னவென்றால், சந்தேகம் வந்தால் ஆளைத் தள்ளி உட்கார வை, தட்டைத் தனியாக வை, எல்லாவற்றின் மேலும் பினாயிலை ஊற்று. அந்தக் கேம்பில் அப்படித் தள்ளி உட்கார வைக்கப்பட்டபோது எனக்கு எவ்வளவு ஆத்திரம் வந்தது என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் ஆத்திரம் வேறு, முறை வேறு அல்லவா? பூனைக்குத் தனித் தட்டு, தனிச் சாக்கு, தனி மூலை. தட்டைத் தினமும் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தேன். வாசல்படியில் பினாயில். அடுத்த வீட்டுப் பெட்டைப் பூனை எங்கள் தட்டில் வாய் வைத்துவிடாமல் கம்போடு காவல். இத்தனையும் செய்துவிட்டு, சாயங்காலம் ஆனதும் நோயாளிக்கு நல்ல காற்று வேண்டும் என்று கதவைத் திறந்து வெளியே விட்டுவிடுவேன். அது நேரே கூரைக்குப் போய் அடுத்த சண்டையைத் தொடங்கும்.

“ஏங்க, தட்டக் கழுவுறத விட்டுட்டு கூடலூருக்குக் கொண்டுபோய்க் காட்டுவமே” என்றாள் மனைவி. டொக்டரய்யா இன்னொரு டாக்டரைப் பார்க்கப் போவதா என்று கொஞ்ச நாள் இழுத்தடித்தேன். அது மசித்த மீனையும் ஒதுக்கிய அன்றைக்கு, கூடைக்குள் வைத்துத் துணி கட்டி பஸ் ஏறினோம்.

கால்நடை மருத்துவர் பொள்ளாச்சிப் பக்கத்து இளைஞர். மாட்டுக்கு ஊசி போடுவதற்கென்று வந்தவரிடம் பூனையைக் கொண்டுவந்தது நாங்கள்தான் முதல் என்று அவர் முகத்தில் ஒரே சந்தோஷம். வாயைத் திறந்து பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார், நீல மீசையைப் பார்த்து, “ஏனுங்க, இது யாரு வைத்தியமுங்க?” என்றார். லயத்தில் யாரோ பூசிவிட்டார்கள் என்றேன். மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த மாட்டுப் படத்தைப் பார்த்தேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். வெளிநாட்டில் இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிற ஒரு வைரஸ். அவர் சொன்ன ஆங்கிலப் பெயர் நாலு முழம் நீளம் இருந்தது. பூனையின் உடம்பில் நோயை எதிர்க்கிற சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். அப்புறம் சின்னப் புண்கூட ஆறாது. “ரத்தத்த எடுத்துப் பாத்துச் சொல்ல இங்க வசதி இல்லீங்க. படிச்சத வெச்சுச் சொல்றேன், இது அதா இருக்கோணும். பேப்பர்ல இப்ப மனுசனுக்கு ஒரு புது நோவுன்னு எழுதறாங்கல்லங்க, அந்த வகையறாதான். ஆனா இது பூனைக்கு மட்டுந்தானுங்க. உங்குளுக்கோ ஊட்டுக்காரம்மாவுக்கோ ஒட்டாது. பயப்பட வேண்டாம்.”

“தட்டு?” என்றேன் நான்.

“தட்டுல பரவறதெல்லாம் ரொம்ப அபூர்வமுங்க. ஒண்ணா உக்காந்து திங்கறது, நக்கிக்கறது, ஒரே சாக்குல படுத்துக்கறது, இதுல ஒண்ணும் பெருசா ஆகாது. கடிதானுங்க. எச்சில்ல இருக்கற கிருமி பல்லு வழியா ஆழமா உள்ள எறங்கோணும். அதனாலதான் வெளிய சுத்திச் சண்ட போடற கடுவனுக்கு இது அதிகம். சில சமயம் தாய்கிட்ட இருந்து குட்டிக்கும் போகும், அது கம்மி.”

அப்படியென்றால் இத்தனை நாள் நான் கொதிக்க வைத்த தட்டு, ஊற்றிய பினாயில், கம்போடு பிடித்த காவல் எல்லாம் வீண். எது பரப்புமோ அதற்கு மட்டும் தினமும் கதவைத் திறந்து விட்டிருக்கிறேன்.

மருந்து கிடையாது என்றார். ஆனால் புண்ணைப் பார்த்து, வயிறாரச் சாப்பாடு கொடுத்து, குளிர் படாமல் வைத்தால் வருஷக்கணக்கில்கூட இருக்கும் என்றார். மனைவி அப்போதுதான் மூச்சு விட்டாள். கடைசியாக, “காயடிச்சு ஊட்டுக்குள்ளயே வெச்சுக்கோங்க. இதுக்கும் நல்லது, ஊர்ல இருக்கற மத்த பூனைகளுக்கும் நல்லது” என்றார். இந்தக் கடைசி வார்த்தை என் காதில் விழுந்தது என்று நான் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. என் சண்டியருக்குக் காயடிப்பதா? எனக்கே செய்யச் சொன்ன மாதிரி இருந்தது. அவருடைய நீண்ட விளக்கத்தில் எனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டேன். கடியில் பரவுகிறது. எனவே யாரோ கடித்திருக்கிறார்கள். யார்?

யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கீழ் லயத்துக் கறுப்புக் கடுவன்.

அதை வளர்த்தவர் தனியாக இருந்த ஒரு அக்கா. கிட்டத்தட்ட கடைசிக் கப்பலில் வந்தவர். புருஷன் மண்டபம் கேம்பிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். தோட்டத்தில் கொடுத்த சாவியால் அவர் தன் அறையைத் திறந்து பார்த்தபோது உள்ளே இந்தக் கறுப்பன் உட்கார்ந்திருந்ததாம். “நீ எந்தக் கப்பல்ல வந்தே?” என்று அதனிடம் கேட்டாராம். இந்தக் கதையை அவரே சொல்லிச் சிரிப்பார். அந்த அறையில் அவர் பேசுவதைக் கேட்க வேறு யாரும் கிடையாது.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு எங்கள் பாஷையில் பெரட்டுக்களம் என்று பெயர். அங்கே எல்லோரும் கூடி நின்றபோது நான் ஒரு பிரசங்கம் செய்தேன். பூனைகளுக்குப் புதுச் சீக்கு வந்திருக்கிறது, அது கடியில் பரவுகிறது, கடித்துக்கொள்வது இரண்டு கடுவன், ஒன்றை அனுப்பிவிட்டால் கடி நின்றுவிடும், கடி நின்றால் சீக்கு நின்றுவிடும். கணக்குச் சரியாக வந்ததில் எனக்கே பெருமையாக இருந்தது. இரண்டு நாட்டுப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று எங்களைப் பிரித்துக்கொண்ட ஒப்பந்தம் ஒன்று உண்டல்லவா? அதன் கீழ் வந்து இறங்கிய ஜனங்கள் முன்னால் நின்று, நான் பூனைக்கு ஒரு ஒப்பந்தம் போட்டேன்.

“எதங்க அனுப்புறது?” என்று கேட்டார் அக்கா.

“எங்க பூனைதான் இந்த லயத்துக்கு மொதல்ல வந்தது” என்றேன்.

இந்த வாக்கியத்தை எங்களிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். அக்கரையில் சொன்னார்கள். இக்கரையில் கூடலூர் பஸ்ஸில் சீட்டுக்குச் சண்டை வந்தபோதும் சொன்னார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு பற்றி எரிந்திருக்கிறது. சொல்லும்போது அது நாக்கில் எவ்வளவு சுளுவாக வந்தது தெரியுமா?

“எங்க கறுப்பன் நான் வரமுந்தியே அங்க இருந்ததுங்களே” என்றார் அக்கா. அதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டேன். பூனைக்கு ஆதாரம். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. நான் டொக்டரய்யா. அவருக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரை கொடுத்தவன். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அந்த மனுஷி நம்பினார். “எங்கிட்டு அனுப்புவீங்க? அங்க குளிரடிக்காதுங்களா?” என்று மட்டும் கேட்டார்.

நான் இடத்தைக்கூட யோசித்து வைத்திருந்தேன். தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு குன்னூருக்குப் போகும் லாரி சில சமயம் மேட்டுப்பாளையம் வரை இறங்கும். வழியில் பர்லியார். “பர்லியார்ல குளிரே கெடையாதுக்கா. அரசாங்கப் பழத்தோட்டம் இருக்கு. பழத்துக்கு எலி வரும், எலிக்குப் பூனை வேணும். ராஜா மாதிரி இருக்கும்” என்றேன். வீடு உண்டு, வேலை உண்டு, வெயில் உண்டு என்று எங்களிடம் சொல்லி அனுப்பியவர்களும் இதே குரலில்தான் சொன்னார்கள். ஒரு மாற்றுக் குறையாமல் அதே குரல் எனக்கும் வந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவளுடைய கூடப்பிறந்த அக்காவுக்கு அந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்தது, இவளுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை. தலைமன்னாரில் பிரிந்த பிறகு இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை. அன்றைக்கும் பேசவில்லை. “யாரையும் எங்கிட்டும் அனுப்ப வேணாங்க. நம்மளது உள்ளுக்குள்ளயே இருக்கட்டும்” என்றாள். அந்தக் காயடிக்கும் பேச்சு மறுபடி வந்துவிடுமோ என்று பயந்து, அவசரமாகச் சாப்பிட்டு எழுந்தேன்.

கறுப்பனைச் சாக்கில் கட்டி லாரியில் ஏற்றியாயிற்று. அக்கா வழிச் செலவுக்கு என்று ஒரு கருவாட்டுத் துண்டைச் சாக்குக்குள் போட்டார். லாரி வளைவில் திரும்பும் வரை உள்ளிருந்து அது கத்திய கத்தல் பிள்ளைக்காம்பரா வரை கேட்டது என்று மனைவி பிறகு சொன்னாள்.

லாரி டிரைவர் வயநாட்டுக்காரர். அடுத்த முறை வந்தபோது அக்கா ஓடிப்போய் விசாரித்தார். “பேடிக்க வேண்டா சேச்சி. பூச்சைக்கு அவ்விட பரம சுகம்” என்றார் அவர். பூச்சை என்றால் அவர் பாஷையில் பூனை. அதற்கடுத்த முறை, பூச்சை பலாமரத்தடியில் படுத்துத் தூங்கியதாகச் சொன்னார். அப்புறம் தோட்டக்காரர் அதற்குத் தினமும் பால் வைப்பதாகச் சொன்னார். சொல்லச் சொல்ல கறுப்பன் கொழுத்துக்கொண்டே போயிற்று. அக்கா ஒவ்வொன்றையும் லயத்தில் எல்லோரிடமும் சொன்னார். நான் டிஸ்பென்சரி வாசலில் கைகட்டி நின்று, பார்த்தீர்களா என்பது போலத் தலையாட்டினேன்.

இந்தப் பக்கம் சண்டை நின்றதா? கூடிவிட்டது. கறுப்பன் போன இடம் காலி என்று தெரிந்ததும், கடைவீதியிலிருந்து ஒரு சாம்பல் கடுவனும் ஃபேக்டரியிலிருந்து ஒரு வெள்ளைக் கடுவனும் வந்து சேர்ந்தன. முன்பு எங்கள் மஞ்சளும் கறுப்பனும் ஒருவரை ஒருவர் அளந்து வைத்திருந்தார்கள், எல்லை தெரிந்து உறுமிவிட்டுப் போவார்கள். புதிதாக வந்தவர்களுக்கு எல்லாவற்றையும் கடித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சீக்குக்கார உடம்போடு எங்கள் சண்டியர் கூரையில் ஏறி எல்லோரிடமும் கடி வாங்கி, எல்லோரையும் கடித்துவிட்டு வந்தது. காதில் புதுப் புண், தொடையில் புதுக் கட்டி. நான் புதிதாக ஒரு பாட்டில் நீல மருந்தைத் திறந்தேன்.

அப்படியிருக்கும்போது ஒரு காலை, பெரட்டுக்களத்தில் ஆள் பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், எல்லோருக்கும் நடுவே கறுப்பன் நடந்து வந்தது. எலும்பும் தோலும், ஒரு காது பாதி இல்லை, கழுத்தில் முட்டை அளவு வீக்கம். யாரையும் பார்க்காமல் கூட்டத்தைக் கடந்து கீழ் லயத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. அக்கா கூடையைக் கீழே போட்டுவிட்டு ஓடி அதைத் தூக்கினார். அன்றைக்குப் பார்த்து லாரியும் அங்கேதான் நின்றது. எல்லோரும் டிரைவரைத் திரும்பிப் பார்த்தார்கள். “பந்தலூர் எத்தும் முன்னே சாக்கைக் கிழிச்சுச் சாடிப் போயி, சாரே. சேச்சி விஷமிக்குமேன்னு ஞான் பறஞ்சில்ல” என்றார். சாக்கைக் கிழித்துக்கொண்டு குதித்து ஓடிவிட்டதாம். அவராவது ஒரு மனுஷி வருத்தப்படுவாளே என்று பொய் சொன்னார். நான் சொன்ன பழத்தோட்டத்துக்கு என்ன காரணம் இருந்தது?

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். “ரெண்டையும் அந்த மாட்டு டொக்டருகிட்டக் கொண்டு போவோங்க. யாருக்குச் சீக்குன்னு அவரே சொல்லட்டும்” என்றார். மறுநாளே இரண்டு கூடைகளோடு பஸ்ஸில் ஏறினோம். கூடைக்குள் இருந்தபடியே இரண்டும் ஒன்றையொன்று வைதுகொண்டு வந்தன. என் மனைவியும் அக்காவும் ஒரே சீட்டில், மடியில் ஆளுக்கொரு கூடை. நான் தள்ளி நின்றேன்.

மருத்துவர் கறுப்பனின் வாயைத் திறந்து காட்டினார். ஈறு சிவக்காமல், புண் இல்லாமல் நன்றாக இருந்தது. கழுத்தில் இருந்தது போன இடத்தில் வாங்கிய வெறும் கடிக்கட்டி. கீறிச் சீழை எடுத்தார். “இதுக்கு வேற ஒண்ணும் இருக்கற மாதிரி தெரியலீங்க. உள்ள கிருமி இருந்து வெளிய தெரியாம இருக்கவும் வழி உண்டு, அத இங்க சொல்ல முடியாது. ஆனா சீக்குன்னு பாத்தா உங்க மஞ்சக் கடுவனுக்குத்தானுங்க. அது யார்கிட்ட வாங்குச்சோ தெரியாது. இப்ப அது கடிக்கற பூனைக்கெல்லாம் அதுதான் குடுக்கும்.” அக்கா லாரிக் கதையைச் சொன்னதும் என் பக்கம் திரும்பினார். “ஒரு கடுவன எடுத்துட்டா அந்த எடத்துக்கு இன்னொண்ணு வருமுங்க. நீங்க கொண்டுபோயி உட்டதும் போற எடத்துல எல்லாத்தோடயும் கடிபடும். காயடிக்கச் சொல்லி அன்னைக்கே சொன்னனுங்களே?”

இப்போது மனைவி என்னைப் பார்த்தாள். சுவரில் அந்த மாட்டுப் படம்கூட இல்லை, எடுத்துவிட்டிருந்தார்கள்.

அன்றைக்கே இரண்டுக்கும் காயடித்தாயிற்று. திரும்பி வரும் பஸ்ஸில் இரண்டும் மயக்கத்தில் வாய் பிளந்து கிடந்தன. மனைவி துணியை விலக்கி விலக்கி மஞ்சளின் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். எனக்குக் கவலை வேறு. நான் போட்ட ஒப்பந்தம் அப்படியே இருக்கிறது. சீக்கு நிற்க ஒரு கடுவன் போக வேண்டும் என்று எல்லோர் முன்னாலும் சொன்னவன் நான். சீக்கு யாருக்கு என்று தெரிந்துவிட்டபடியால் இப்போது லாரியில் ஏற வேண்டியது தொட்டிலில் கிடைத்த எங்கள் பூனை. இந்த உடம்போடு அது வெளியே ஒரு மழையைத் தாங்காது. அது அவளுக்கும் தெரியும். அவள் கைவிரல்கள் கூடையின் பிரம்பைப் பிடித்திருந்த பிடியை என்னால் பார்க்க முடியவில்லை.

நினைத்தபடியே மறுநாள் பெரட்டுக்களத்தில் பேச்சு வந்தது. ஆள் பிரிக்கும் கணக்கப்பிள்ளைக்கு எப்போதும் கொஞ்சம் குறும்பு. “அப்ப டொக்டரய்யா பூனையத்தானே இப்ப பர்லியாருக்கு ஏத்தணும்? ஒப்பந்தம் அப்படித்தானே?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி பிள்ளைக்காம்பரா வாசலில் ஒரு குழந்தையை இடுப்பில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டாள். நான் பேச வாயைத் திறந்தேன். பூனை இப்போது வெளியே வராது, கடிக்காது, தட்டில் பரவாது, மனிதனுக்கு ஒட்டாது என்று எல்லாம் உண்மையான வார்த்தைகள்தான் இருந்தன. பினாயிலும் பழத்தோட்டமும் வந்த வாய் என்பதால் அவற்றுக்கு மதிப்பில்லாமல் போயிருந்தது.

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவர் ஏத்து என்றால் ஏற்ற வேண்டியதுதான்.

அக்கா கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டார். “ஏத்தி என்னத்துக்குங்க? அதுவும் திரும்பி வந்துரும். பூனைக்குத் திரும்பி வர வழி தெரியுதே. நமக்குத்தான் தெரியல.” சொல்லிவிட்டுத் தான் கொழுந்து பறிக்கும் மலைக்கு ஏறிப் போனார். கணக்கப்பிள்ளை குனிந்து பெயர்ப் புத்தகத்தைப் புரட்டினார். எல்லோருக்கும் கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு லயம், ஏதோ ஒரு முகம் வந்து போயிருக்க வேண்டும். எனக்கு வந்தது. மனைவி உள்ளே போய்விட்டாள்.

அதற்கப்புறம் மஞ்சள் வெளியே போகவில்லை. ஜன்னலுக்குக் கம்பி வலை அடித்தேன். அடித்ததில் என் கட்டைவிரலும் கொஞ்சம் அடிபட்டது. அடுப்பங்கரையில் சாக்கு, மசித்த மீன், என் சட்டைகளில் நீலம். சண்டியர் சாதுவாகி, என் மடியில் ஏறித் தூங்க ஆரம்பித்தது. பூனை பிடிக்காதவனான நான் கால் மரத்துப்போனாலும் அசையாமல் உட்கார்ந்திருப்பேன். கறுப்பன் தினமும் வெயில் நேரத்தில் வந்து ஜன்னலுக்கு வெளியே உட்காரும். இரண்டும் வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ளும். சண்டை போட இரண்டுக்கும் ஒன்றும் மிச்சமில்லை. கறுப்பனைத் தேடிக்கொண்டு வரும் அக்காவும் அப்படியே உள்ளே வந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்.

மருத்துவர் சொன்னபடியே அது வருஷக்கணக்கில் இருந்தது. பிறகு ஒரு பனிக்காலத்தில் சளி பிடித்தது, இறங்கவில்லை. மனைவியின் மடியில் போயிற்று. டிஸ்பென்சரிக்குப் பின்னால் சில்வர் ஓக் மரத்தடியில் நான் குழி வெட்டினேன். அக்கா ஒரு கருவாட்டுத் துண்டு கொண்டுவந்து குழிக்குள் போட்டார். நான் மண்ணைத் தள்ளினேன். கண் எரிந்தது. டிஞ்சர் வாடை என்று சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் ஒரு குழந்தைக்குக் காது வலி என்று பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன். எங்கள் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் மஞ்சள் பூனைக்குத் தினமும் கைகாட்டிவிட்டுப் போகும் பிள்ளைகள் என் மனைவியைச் சூழ்ந்துகொண்டு பூனை எங்கே, பூனை எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“பர்லியாருக்குப் போயிருக்கு” என்றாள் அவள். “அங்க குளிரே கெடையாது. பழத்தோட்டம் இருக்கு. சொகமா இருக்கு.”

என் குரல், என் வார்த்தைகள். ஆனால் அவள் சொல்லும்போது அதில் கேலி இல்லை.

“கறுப்பன் மாதிரி நடந்து வந்துருமா?” என்று ஒரு பெண்குழந்தை கேட்டது.

மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிள்ளைகளும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கும் டொக்டரய்யாவாகிய நான், காது வலிக்கிற பிள்ளை எங்கே என்று கேட்டேன்.